ஜபமும் மருந்தும்

முதிய அன்பர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் கேட்டார்: "நாற்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் ஜபம் செய்து வருகிறேன். ஜபம் செய்பவனை இரத்த அழுத்தம் அண்டாது என்கிறார்களே. எனக்கு ஏன் வந்தது? என் பக்தியில் என்ன குறை?" நோயைக் காட்டிலும் இக்கேள்வியே அவரை வாட்டியது. மாத்திரை உண்பது நம்பிக்கைக் குறைவு என்றெண்ணி அதையும் நிறுத்தியிருந்தார்.

மந்திர ஜபம் உடலைத் தொடுகிறது என்பதில் ஐயமில்லை. இத்தாலியின் பவியா நகர மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 23 பேரிடம் நடத்திய ஆய்வு 2001-ஆம் ஆண்டு வெளியாயிற்று. கத்தோலிக்கரின் ஜபமாலைப் பிரார்த்தனையை லத்தீன் மொழியிலும், 'ஓம் மணி பத்மே ஹும்' என்னும் பௌத்த மந்திரத்தையும் அவர்கள் ஓதினர். இரண்டிலுமே மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப இதயத் துடிப்பைச் சீர்செய்யும் உடலின் இயல்பான ஆற்றலும் கூடியது. வெளிமூச்சு நீளும்போது துடிப்பு தணிகிறது; மனமும் உடன் அடங்குகிறது. பதஞ்சலி முனிவரும் யோக சூத்திரத்தில், மனச் சிதறலின் துணைவர்களாகத் துக்கத்தையும் உடல் நடுக்கத்தையும் ஒழுங்கற்ற மூச்சையும் எண்ணுகிறார்.

அவர் கூறும் தடைகளில் முதலாவது நோய். பிரணவ ஜபத்தால் தடைகள் அகலும் என்றும் சொல்கிறார். அப்படியானால் அன்பரின் கேள்வி நியாயந்தானே? நோயே வாராது என்று இதற்குப் பொருள் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. வந்த நோய் சாதனையை மறிக்காது என்பதே பொருத்தமாகப் படுகிறது. ஸ்ரீராமகிருஷ்ணர் தொண்டைப் புற்றுநோயுடன் 1886-இல் மறைந்தார். மருத்துவர் மகேந்திரலால் சர்க்காரின் சிகிச்சையை அவர் மறுக்கவில்லை. ரமண மகரிஷியின் கையில் தோன்றிய கட்டிக்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன. இவர்களுடைய ஜபத்தில் குறை காண யாருக்குத் துணிவு வரும்?

மற்றொன்றும் உண்டு. வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசையச் சொல்வது, மனத்துள்ளேயே சொல்வது என ஜபம் மூவகை. மூச்சுதான் பயன் என்றால் வாய்விட்டுச் சொல்வதே தலைசிறந்ததாக இருக்க வேண்டும். மனு ஸ்மிருதியோ மானசிக ஜபத்தை உச்சியில் வைக்கிறது. நம் முன்னோர் அளந்தது வேறொன்றை.

2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வையும் மறைக்கலாகாது. இதய அறுவை சிகிச்சை பெற்ற 1,802 பேரை வகுத்து, சிலருக்காகப் பிறரைப் பிரார்த்திக்கச் செய்தனர். பயன் ஏதும் தென்படவில்லை. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என உறுதியாக அறிந்தவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் நேர்ந்தன. பிரார்த்தனை நடக்குமோ நடக்காதோ என்றிருந்து, பிரார்த்தனை பெறாதவர்களிடம் அது 51 சதவீதம். சாதகமான ஆய்வை மேடையில் முழங்கிவிட்டு இதைப் பற்றி வாய் திறவாதிருப்பது சத்தியத்திற்கு அழகன்று. அவ்வாறு முழங்கியதன் சுமைதானே அந்த முதியவரின் நெஞ்சில் ஏறி அமர்ந்திருந்தது!

நலம் வேண்டிப் பிரார்த்திப்பது இழிவு என்று நான் கூற வரவில்லை. கீதை தன் நால்வகை பக்தர்களில் துன்புற்று அழைப்பவனையும் சேர்த்து, அனைவரையும் மேலானவர்கள் என்கிறது. அவன் குணமடைந்தானா என்று அது கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் அவரிடம் பேசினேன். மறுநாளே மருத்துவரைக் கண்டார். இப்போது காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டே மாலையைக் கையில் எடுக்கிறார். அழுத்தம் மருத்துவர் விரும்பும் அளவுக்கு இன்னும் இறங்கவில்லை. ஜப எண்ணிக்கையை ஏட்டில் குறித்துவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டாராம்.