உறைபதி தெரிதல்

பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடியும் வாழ்வு இந்நாளில் அரிதாயிற்று. கல்வி பற்றியும் தொழில் பற்றியும் மக்கள் வேற்றூர் சென்று குடியேறுதல் யாண்டும் நிகழ்கின்றது. நம்பாற் சித்தாந்த நூல்களைப் பாடங்கேட்ட மாணவர் ஒருவர், காவிரிக்கரைச் சிற்றூரினர், சென்னையில் தமக்கு ஓர் உத்தியோகம் வாய்த்திருத்தலை அறிவித்து, "அந்நகரிற் குடிபுகுதல் தக்கதோ? புகுவதாயின் எவற்றை ஆராய்ந்து புகுதல் வேண்டும்? ஐயா அவர்கள் தெரிவித்தருளல் வேண்டும்" என்று எழுதியிருந்தார். தம் அன்னையார் முதுமை எய்தியவர் என்றும், ஊரை விட்டு வர அவர் இசையவில்லை என்றும் கடிதத்தின் இறுதியில் ஒரு வரி இருந்தது. அவர்க்கு நாம் எழுதிய விடை பிறர்க்கும் பயன்படுமென்று கருதி, அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைப்பாம்.

தனு கரண புவன போகங்களை இறைவன் வினைக்கீடாகக் கூட்டுகின்றான் என்பது சித்தாந்தத் துணிபு. அற்றேல், புவனமும் கூட்டப்படுவதொன்றாக, வாழும் ஊரை நாம் தெரிந்துகொள்ளுதல் யாங்ஙனம் அமையும் எனின், கூறுதும். இரண்டு ஊர்கள் நம் முன் வந்து நிற்றல் பிராரத்தத்தின் பயனாகலாம். அவற்றுள் ஒன்றை எந்நோக்கத்தாற் பற்றுகின்றோம் என்பது நம் இச்சையையும் அறிவையும் பொறுத்தது; அஃது ஆகாமியமாய் நம்மேல் ஏறும். ஆகலான் ஊழின்மேற் பழியேற்றி ஆராயாது விடுதல் தக்கதன்று.

இனி, இறைவன் எங்கும் நிறைந்தவனாகலின் எவ்வூராயின் என்னை என்பாரும் உளர். அவன் நிறைவிற் குறையில்லை என்பது உண்மையே. ஆயின் உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. அருகிருந்த பொருளின் நிறத்தைப் பளிங்கு காட்டுமாறு போல, உடன் வாழ்வாரின் குணத்தை அது மேற்கொள்ளும். மலம் நீங்கிய மெய்ஞ்ஞானியர்க்கும் அடியார் கூட்டுறவும் திருக்கோயில் வழிபாடும் வேண்டுமென்று மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரத்தில் விதித்தருளினார். அவர்க்கே அங்ஙனமாயின் நம்மனோர்க்குச் சொல்லவேண்டா. ஊரைத் தெரிதலாவது நம் உயிர் இனி எந்நிறத்தை ஏற்கும் என்பதைத் தெரிதலேயாம். மேற்கூறிய நான்கினையும் தலைப்பாகக் கொண்டே இதனை ஆராய்வாம்.

முதலாவது தனு. உடம்பு நிற்றற்கு நீர் முதன்மையானது. சென்னை நகர் 2015-ஆம் ஆண்டு கார்த்திகையில் வெள்ளத்தில் மூழ்கியது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில், அந்நகர்க்கு நீரளிக்கும் ஏரிகள் வறண்டுபோக, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொணர்ந்தனர். நான்காண்டிற்குள் ஒரே நகர் இரண்டையும் கண்டது. ஆதலின் குடிபுகும் வீட்டை வேனிலில் ஒருமுறையும் மாரியில் ஒருமுறையும் சென்று காண்க. ஒரு பருவத்தில் மட்டும் கண்டு முடிவு செய்தல் பிழையாம்.

இரண்டாவது கரணம். மனம் முதலியன திருந்துதற்கு ஓய்வும் நல்லினமும் வேண்டும். வாடகை குறைவென்று தொலைவிற் குடியிருந்து, நாடோறும் மூன்று மணி நேரம் பேருந்திற் கழிப்பவர்க்குப் பூசைக்கும் நூலோதுதற்கும் பொழுது எங்கே? வாடகையிற் சேமித்ததை ஆயுளிற் செலவிட்டவராவர். உமாபதி சிவாசாரியர் மறைஞான சம்பந்தரைக் குருவாக அடைந்தமையால் தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ நேர்ந்தது. ஊரின் பெருமையினும் குருவின் கூட்டுறவே பெரிதென்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

மூன்றாவது புவனம். குடிபுகுவோர் திருக்கோயில் அணித்தோ என்று பார்ப்பர். அதனொடு, இந்நகர் எதனை உண்டு வளர்ந்தது என்றும் எண்ணுதல் வேண்டும். சென்னைக்கு நீரளிக்கும் பூண்டி நீர்த்தேக்கம் 1944-ஆம் ஆண்டில் அமைந்தது. அப்பணியால், கண்ணிழந்து வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகட்கு இறைவன் ஊன்றுகோல் அருளிய திருவெண்பாக்கம் என்னும் பாடல்பெற்ற தலத்தின் பழைய இடம் நீருள் மறைந்தது. பின்னர்ப் பூண்டியிலே கோயில் எடுத்து 1968-இல் குடமுழுக்காட்டினர். அந்நகரில் நீர் பருகுவோர் பிறர் விட்டுக்கொடுத்ததைப் பருகுகின்றனர். இதனை அறிந்தவன் நீரை வீணாக்கான்; தனக்குப் பின் குடிவருவாரை வெறுத்துப் பேசவும் மாட்டான்.

நான்காவது போகம். ஊதியம் இத்துணை என்று மட்டும் எண்ணற்க. அது நேரிய வழியில் வருவதோ, கடனின்றி வாழப் போதுமோ, அடியார் ஒருவர் வந்தால் அமுது செய்வித்தற்கு வீட்டில் இடமுண்டோ என்பனவும் எண்ணுக.

இந்நான்கும் ஆராய்ந்த பின்னும் ஒன்று எஞ்சும். நாம் விட்டுச் செல்வார்க்கு நாம் கடப்பாடுடைய தென்னை என்பதே அது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், பிரிந்து செல்லேன் என்று சங்கிலியார்க்குச் சபதம் செய்தனர். திருவாரூர்ப் பெருமானைக் காணும் வேட்கையால் அதனைக் கடந்து ஒற்றியூரெல்லை நீங்கிய அளவிலே கண்ணொளி இழந்தனர். அவர் சென்றது பொருள் தேடியன்று; இறைவனை நாடியே. சென்றவர் தம்பிரான் தோழர். எனினும் கொடுத்த வாக்கு அவரையும் விடவில்லை. பின்னர்க் காஞ்சியிலும் ஆரூரிலும் கண்பெற்றனராயினும், அதுகாறும் பட்ட துயர் நமக்கு அறிவுறுத்துவது இதுவேயாம்.

நம் வாழ்விலும் ஒன்றுண்டு. நாற்பதாண்டுகட்கு முன் ஆசிரியத் தொழில் பற்றி நாம் வேற்றூர் சென்றோம். நீர், வாடகை, நூல்நிலையம், திருக்கோயில் யாவும் ஆராய்ந்தே சென்றோம். எந்தையார் ஒவ்வோர் அஞ்சலட்டையிலும் "அடுத்த பிரதோடத்திற்கு வருகின்றாயா?" என்று வினவுவர். "வருகின்றேன்" என்று எழுதுவோம், பலகால் சென்றிலோம். அவர் உயிர் நீத்த இரவில் நாம் அருகில்லை. அவ்வஞ்சலட்டைகள் இன்றும் நம்மிடம் உள்ளன. ஊரைத் தெரிந்தது பிழையன்று. எழுதிய சொல்லைக் காவாது விட்டதே பிழை.

ஆதலின் மாணவர்க்கு இவ்வாறு எழுதினோம்: "அன்னையாரை 'வருகின்றீர்களா?' என்று வினவுதலை விடுத்து, 'வரத் தடை யாது?' என்று வினவுக. அவர் வாராராயின், திங்கள்தோறும் எந்நாளில் வந்து காண இயலுமோ அந்நாளை மட்டும் சொல்லுக, சொன்னதனைத் தவறற்க. இயலாததைச் சொல்லி அன்பு காட்டற்க."

சென்ற திங்கள் அவரிடமிருந்து விடை வந்தது. நாடோறும் மாலையில் நடந்து சென்று சந்நிதியில் விளக்கிடுதல் தவறுமே என்பதே அன்னையாரின் அச்சமாம். அவர் கால்கள் நடக்கும் தொலைவிற் சிவாலயமுள்ள தெரு ஒன்றில் மகனார் சிறுவீடு பார்த்திருக்கின்றார். வாடகை சற்று மிகுதி. தை முதல் மூன்று திங்கள் உடனிருந்து பார்ப்பதாக அன்னையார் இசைந்திருக்கின்றார். வீட்டிற்கும் கோயிலுக்கும் உள்ள தொலைவை அவ்வீட்டின் முதியவர் கால்களால் அளத்தல் வேண்டும் என்பதனை நாம் எழுத மறந்தோம். மாணவர் நமக்குக் கற்பித்தார். திருவருள் முன்னிற்க.