திலகவதியார் வாசல்



பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் நேரத்தில் "சுகமாக இருக்கிறீர்களா?" என்று ஒருவரையொருவர் விசாரிக்கிறோம். "ஓம், நல்ல சுகம்" என்கிறோம். நெஞ்சு கனத்தாலும் அதே பதில்தான். நம்மைப் பார்த்து நம் பிள்ளைகளும் அப்படியே சொல்லப் பழகிவிடுகிறார்கள்.

அப்பர் சுவாமிகள் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். தாய் தந்தையர் மறைந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர்நீத்தார். தாமும் வாழ விரும்பாத திலகவதியார், தம்பி மருணீக்கியாருக்காகவே உயிர் தாங்கினார். அந்தத் தம்பியோ தமக்கையாரைப் பிரிந்து சமண சமயம் புகுந்து, தருமசேனர் எனப் பெருமை பெற்றார். அங்கே சூலை நோய் கண்டது. செய்த வைத்தியம் பலிக்கவில்லை. தமக்கையாருக்கு ஆளனுப்பினார், பின்பு தாமே இரவோடிரவாகத் திருவதிகை வந்து அவர் அடியில் வீழ்ந்தார். அம்மையார் பழங்கணக்குப் பார்க்கவில்லை. திருநீறு அளித்து வீரட்டானத்து இறைவன் முன் அழைத்துச் சென்றார்.

பதிகம் பிறந்ததும் நோய் தீர்ந்ததும் அதன் பின்னர்தான். அதற்கு முன், தலைமை நிலையில் இருந்த ஒருவர் தம் பெருமையை விட்டு, "என்னால் தாங்க முடியவில்லை" என்று தம்முடைய ஒருவரிடம் சொன்னார். அருளுக்கு வழி திறந்தது அங்கேதான்.

கணக்கு எழுதுகிற நாமே இதில் தவறினோம். ஏப்ரல் 15 வரிக்கெடு முடியட்டும் என்று நெஞ்சு நோவை வாரக்கணக்கில் மறைத்தோம். மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கியதை மகள் கண்டு தாயிடம் சொன்னபடியால் தப்பினோம். யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள் "உயிரோடு இருக்கிறோமே, அது போதும்" என்று நோவை விழுங்கப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் அன்று காப்பாற்றியது, இன்று கொல்லும்.

தென்னாசியருக்கு இருதய நோய் இளவயதிலேயே வருகிறது. இதற்கென்றே பக்கத்து மவுன்டன் வியூவில், எல் கமினோ மருத்துவமனையில் 2006இல் ஒரு தென்னாசிய இருதய நிலையம் தொடங்கப்பட்டது. உடல் நிறைச் சுட்டெண் 23 ஆனாலே ஆசியர் நீரிழிவுப் பரிசோதனை பற்றி யோசிக்க வேண்டும் என 2015இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் கூறியது. 5 அடி 7 அங்குல உயரமானவருக்கு அது சுமார் 147 இறாத்தல்தான். மெலிந்தவர் என்று நாம் நினைப்பவருக்கும் ஆபத்து உண்டு.

பதின்மவயதினருக்கு 8 முதல் 10 மணி நேர நித்திரை தேவை. அதற்காகவே கலிபோர்னியாவில் 2022 ஜூலை முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30க்கு முன் தொடங்கக்கூடாது எனச் சட்டம் வந்தது. சட்டம் தந்த நித்திரையை நாம் இன்னொரு டியூஷன் வகுப்பால் பறிக்கலாமா? பிள்ளை வாய் திறக்கும்போது புள்ளிகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பற்றிப் பேசாமல், திலகவதியாரைப் போல் முதலில் ஏற்றுக்கொள்வோம். வாழவே பிடிக்கவில்லை என்ற சொல் வந்தால், 988 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

திருநீறு இருக்க மருத்துவர் எதற்கு என்று எவரும் எண்ண வேண்டாம். உடம்பு இறைவன் உறையும் ஆலயம் என்றார் திருமூலர். ஆலயம் பழுதானால் திருப்பணி செய்வதும் தொண்டே.

இந்த வாரம் வீட்டில் ஒருவரிடம் "சுகமா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்போம். நம்மிடம் கேட்டால் உண்மையைச் சொல்வோம்.

திருச்சிற்றம்பலம்.