இயந்திரத்தின் சொல்லும் நோயாளியின் சொல்லும்

ஓர் இயந்திரத்தை நம்பத்தக்கது என்று எந்த ஆதாரத்தைக் கொண்டு கூறுகிறோம்? "இதுவரை பழுதுபடவில்லை" என்பதே பெரும்பாலும் நமது விடை. கணனியைப் பொறுத்தவரை இவ்விடை போதாது. இரும்பு தேயும், கம்பி அறும். கணனிக்கு எழுதப்படும் செய்நிரலோ தேய்வதில்லை. அதிலுள்ள பிழை முதல் நாளிலிருந்தே அங்கு உண்டு. அதனை எழுப்பும் சந்தர்ப்பம் வரும்வரை உறங்கிக் கிடக்கும்.

கனடா அரசுக்குச் சொந்தமான அணுசக்தி நிறுவனம் ஆக்கிய தெரக்-25 என்னும் புற்றுநோய்ச் சிகிச்சை இயந்திரத்தின் வரலாறு இதற்குச் சான்று. அது இலத்திரன் கதிரையும் தரும், எக்ஸ் கதிரையும் தரும். எக்ஸ் கதிருக்கு மிக வலுவான இலத்திரன் கற்றை தேவை; இடையிலுள்ள உலோகத் தகடு ஒன்றே அதனை எக்ஸ் கதிராக மாற்றுவது. தகடு உரிய இடத்தில் இல்லாவிடில் அக்கற்றை நேரே உடலிற் பாய்ந்துவிடும். முந்திய மாதிரிகளில் இதைத் தடுக்கத் தனியான பாதுகாப்புப் பூட்டுகள் இருந்தன. தெரக்-25 இல் அவற்றை நீக்கிவிட்டு, காவலைச் செய்நிரலிடமே ஒப்படைத்தனர்.

என்னென்ன பழுதுகள் நேரலாம் என்று 1983இல் நிறுவனம் ஆராயாமலில்லை. ஆனால் செய்நிரற் பிழைகளை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. கணனி தவறான சக்தியைத் தெரிவுசெய்யக்கூடிய வாய்ப்பு பத்தாயிரம் கோடியில் ஒன்று என்று அதில் எழுதப்பட்டது. இந்த எண் எவ்வாறு பெறப்பட்டது என்பதற்கு நியாயம் எதுவும் காட்டப்படவில்லை!

1985 யூனில், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், சிகிச்சை பெற்ற பெண்ணொருவர் தம்மை இயந்திரம் சுட்டுவிட்டதாக அங்கேயே முறையிட்டார். அப்படி நடக்க முடியாது என்பதே கிடைத்த பதில். 1986 மார்ச் 21இல், ரெக்சாஸ் மாநிலத்து ரைலர் நகரில், இயந்திரத்தை இயக்கிய பெண் இலத்திரன் கதிருக்குப் பதிலாக எக்ஸ் கதிர் என்று தட்டி, உடனே திருத்தினார். திரையில் "பழுது 54" என்று தோன்றியது. இத்தகைய அறிவிப்புகள் நாள்தோறும் வந்து போகிறவை. ஆகவே தொடரும்படி பொத்தானை அழுத்தினார். உள்ளே நோயாளி இரண்டாம் முறையும் சுடப்பட்டார். நிறுவனத்தின் பொறியியலாளர் வந்து சோதித்தும் பழுது அகப்படவில்லை. மிகைக் கதிர் பாய வழியில்லை என்றனர். ஏப்ரல் 7இல் இயந்திரம் மீண்டும் வேலைக்கு வந்தது. ஏப்ரல் 11இல் அடுத்தவர் சுடப்பட்டார். இருவரும் அவ்வாண்டிலேயே இறந்தனர்.

செய்நிரலிற் பிழை இருந்தது பெரிய குற்றமல்ல என்பேன். மனிதர் எழுதுவதில் பிழை இருக்கும். பழுது ஆய்வு என்பது கேள்வி கேட்பதற்கான கருவி. இங்கு அது கேள்வியை அடைப்பதற்குப் பயன்பட்டது. வலிக்கிறது என்ற மனிதரின் சாட்சியத்தைக் காகிதத்திலிருந்த ஓர் எண் தோற்கடித்தது. குற்றம் அங்கேதான்.

பிழையைக் கண்டுபிடித்தவர்கள் நிறுவனத்தாரல்லர். அந்த வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் இயக்கிய பெண்ணும் அன்று தட்டியவற்றைத் திரும்பத் திரும்பத் தட்டி, "பழுது 54" ஐ மீண்டும் வரவழைத்தனர். எட்டு விநாடிகளுக்குள் திருத்தி முடித்தால் மாத்திரமே அது வரும். மெதுவாகத் தட்டிப் பார்த்தவர்களுக்கு அகப்படாதது அதனாற்றான். கைதேர்ந்தவரின் வேகமே உறங்கிய பிழையை எழுப்பியது.

முந்திய மாதிரியான தெரக்-20 இன் செய்நிரலிலும் இதே பிழை இருந்தது பின்னர் தெரியவந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்கள் பழகும் காலங்களில் அதன் பியூஸ்கள் எரிந்து போவது வழக்கமாம். பூட்டுகள் அதில் இன்னும் இருந்தமையால் ஒருவருக்கும் காயமில்லை.