எல்லைக்குள் நின்ற கருணை

குடிகளுக்கு வந்த நோயைத் தனக்கு வந்த நோயைவிடக் கொடியதாக எண்ணி வருந்தியவன் என்று கெமர் பேரரசன் ஏழாம் ஜெயவர்மனை அவனுடைய மருத்துவமனைக் கல்வெட்டுகள் போற்றுகின்றன. வெறும் புகழ்ச்சி என்று இதைத் தள்ளிவிட முடியாது. நாட்டில் 102 மருத்துவமனைகள் நடந்தன. நான்கு வருணத்தாருக்கும் அவற்றில் இடம் இருந்தது. இதே அரசன்தான் கிழக்கே இருந்த சம்பா நாட்டை விழுங்கியவன். அந்தக் கருணை இந்தப் போருக்கு ஈடாகுமா?

போர் தொடங்கிய விதத்தில் அவன்மீது குற்றம் காண்பது கடினம். 1177இல் சம்பா நாட்டின் சாம் மக்களுடைய படை நீர்வழியே கெமர் தலைநகரான அங்கோருக்குள் புகுந்து நகரைச் சூறையாடியதாகச் சீன வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. பகைவரை விரட்டிய பிறகே, 1181இல், ஜெயவர்மன் முடிசூடினான். பாயோன் கோயில் சுவரில் அந்தக் காலத்துப் படகுப் போர் இன்றும் சிற்பமாக நிற்கிறது. சொந்த மண்ணை மீட்டவனை யார் பழிக்க முடியும்? ஆனால் சாம் மக்களுக்கும் ஆறாத காயம் இருந்தது. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் 1145இல் அவர்களுடைய விஜயா நகரைக் கைப்பற்றியிருந்தான். இப்படிப் பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு படையெடுப்புக்கும் முன்னால் இன்னொன்று கிடைக்கும். எனவே முதலில் அடித்தவன் யார் என்பதைவிட, வென்றவன் எங்கே நிறுத்தினான் என்று கேட்பதே நேர்மையானது.

ஜெயவர்மன் நிறுத்தவில்லை. 1190இல் சம்பா மன்னனோடு மீண்டும் போர் மூண்டது. தன் அரண்மனையை அண்டி வளர்ந்த வித்யானந்தன் என்ற சாம் இளவரசனையே படைத்தலைவனாக்கி அந்த இளவரசனின் சொந்த நாட்டின்மீது ஜெயவர்மன் ஏவினான். விஜயா விழுந்தது, சம்பா மன்னன் சிறைப்பட்டான். ஆபத்து அங்கே தீர்ந்துவிட்டது. அதன் பின்னும் ஜெயவர்மன் தன் மைத்துனனை விஜயாவின் அரியணையில் அமர்த்தினான். தெற்கே பாண்டுரங்கத்தில் வித்யானந்தன் அமர்ந்தான். இரண்டே ஆண்டுகளில் அந்த இளவரசன் நாட்டை ஒன்றாக்கிக்கொண்டு, கெமர் பிடியை உதறினான். அவனை அடக்க வந்த படைகள் தோற்றன. கடைசியில் 1203இல் அவனுடைய சிற்றப்பனையே கெமர் படையோடு அனுப்பி அவனை விரட்டினார்கள். 1220 வரை சம்பா கெமர் ஆட்சியில் கிடந்தது. 1177இன் கொள்ளையைக் காரணம் காட்டி 1203இன் ஆக்கிரமிப்பை நியாயப்படுத்த முடியாது. சாம் குடும்பத்துக்குள்ளேயே ஒருவனை ஒருவன்மீது ஏவிவிட்டது, நாட்டைப் பிடித்ததைவிடக் கொடிய செயல்.

அக்காலத்து அரசர்களை இக்காலத்து அறத்தால் அளக்கக் கூடாது என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இங்கே அளவுகோலை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதே இல்லை. அவனே அதைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். குடிமக்களின் வலிதான் அரசனின் வலி என்று அறிந்தவனுக்கு, விஜயாவின் உழவனுக்கும் வலிக்கும் என்பது தெரியாமலா போயிருக்கும்? அவன் கருணையை வேடம் என்று சொல்வது எளிது. அது உண்மையாகவே இருந்தது, எல்லையைத் தாண்டாமலும் இருந்தது என்பதுதான் நம்மை அதிகம் கலங்க வைக்க வேண்டும்.

எல்லைக்குள்ளும் பாரம் சமமாக இல்லை. தா புரோம் கோயிலுக்கு மட்டும் 3,140 ஊர்களைச் சேர்ந்த 79,365 பேர் உழைத்ததாக 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1296இல், சீனத் தூதுக் குழுவோடு வந்த சௌ தாகுவான், மலைவாழ் மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டதையும், வீட்டுத் தளத்துக்குக் கீழேதான் அவர்கள் படுக்க முடிந்ததையும் எழுதியிருக்கிறார். சயாமியரோடு நடந்த போரில் குடிகள் எல்லோரும் களத்துக்கு இழுக்கப்பட்டதையும், ஊர்ப்புறங்கள் பாழானதையும் அவரே குறித்திருக்கிறார்.

தமிழருக்கும் இது அயலார் கதை அல்ல. தன் ஆட்சியைக் காத்துக்கொள்ள கம்போஜ மன்னன், அதாவது கெமர் மன்னன், இராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு பெருமிதத்தோடு சொல்கிறது. அதே இராசேந்திரன் கடாரம் கொண்டதைக் கொண்டாடும்போது, கடாரத்துக் குடிகளைப் பற்றி நாம் கேட்பதே இல்லை.

மருத்துவமனைகளை ஜெயவர்மனின் பெயரில் நன்றியோடு எழுதலாம். அவற்றால் பிழைத்தவர்கள் உண்மையான மனிதர்கள். ஆனால் விஜயாவின் கடனை அந்தக் கணக்கில் கழிக்க முடியாது. மருந்து பெற்றவர்கள் கெமர் குடிகள். நாட்டை இழந்தவர்கள் சாம் மக்கள். ஒருவருக்குச் செய்த நன்மையைக் காட்டி இன்னொருவருக்குச் செய்த தீமையை மன்னிக்கும் உரிமை, பாதிக்கப்பட்டவரைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.