ஐயமற்ற திரையும் ஐயம் நீங்கா அறமும்

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2001 நவம்பரில் தொடங்கிய '24' என்னும் தொடர், ஒரு நாளின் 24 மணி நேரத்தை 24 பகுதிகளாக்கி, ஓடும் கடிகாரத்தைத் திரையிலேயே காட்டிக் கதை சொன்னது. 2005இல் ஒளிபரப்பான நான்காம் பருவத்தின் ஒரு பகுதியில், களவுபோன அணு ஆயுதத்தைத் தேடும் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு, சதித்தலைவனுக்கு உதவிய ஒருவனைப் பிடிக்கிறது. மனித உரிமை வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்ற ஆணையுடன் குறுக்கிடுகிறார். அவரை அங்கு வரவழைத்ததே சதித்தலைவனின் தொலைபேசி அழைப்புதான். கதைநாயகன் ஜாக் பவர் பணியைத் துறந்து, தனிமனிதனாகப் பிடிபட்டவனின் விரல்களை முறித்து உண்மையைப் பெறுகிறான்.

நேரம் குறித்த குண்டு வெடிக்குமுன் சித்திரவதையால் உண்மையை வரவழைப்பது தகுமா என்பது அறவியலில் நெடுங்காலமாக எழுப்பப்படும் வினா. விளைவை வைத்துச் செயலை அளக்கும் பயன்கோட்பாடு, பல்லாயிரம் உயிர்களுக்கு எதிரே ஒருவனின் வலி சிறிது என்னும்; மனிதனை வெறும் கருவியாக்குதல் எந்நிலையிலும் தவறு என்னும் கடமைக்கோட்பாடு அதை மறுக்கும். ஆனால் இத்தராசைத் தூக்கும் முன்னரே தொடர் ஒரு தட்டைத் தாழ்த்திவிடுகிறது. சதித்தலைவனின் மறைவிடத்தையும் பிடிபட்டவனின் பங்கையும் ஒளிப்படக்கருவி பார்வையாளருக்குக் காட்டிவிடுகிறது. செயற்கைக்கோளும் தரவுத்தளமும் பெரும்பாலும் பிழையின்றி வழிகாட்டி, அவை ஓயும் இடத்தில் மட்டுமே உடலைத் துன்புறுத்தும் வழி எஞ்சுவதாகத் தோன்றுகிறது. விசாரிப்பவனுக்கு ஒருபோதும் வாய்க்காத உறுதி, பார்ப்பவனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

மெய்யுலகின் நிலை வேறு. 2002இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் கடத்தப்பட்ட சிறுவன் உயிருடன் இருப்பதாக நம்பிய காவல்துறைத் துணைத் தலைவர், பிடிபட்டவனுக்கு வலி தரப்படும் என்று அச்சுறுத்தச் செய்தார். அவன் இடத்தைச் சொன்னான், ஆனால் சிறுவன் முன்னரே கொல்லப்பட்டிருந்தான். தம் ஆணையை அவ்வதிகாரி தாமே கோப்பில் பதிந்துவைத்தார். 2004இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என அறிவித்து, அபராதத்தை நிறுத்திவைத்து எச்சரித்தது.

எத்தகைய விதிவிலக்கான சூழலும் சித்திரவதையை நியாயப்படுத்தாது என்று 1984ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை விதித்ததன் பொருளும் இங்கே புலப்படுகிறது: உறுதி என்று ஒருவர் எண்ணுவது உறுதியாகாது. இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 1999இல் உடலை வருத்தும் விசாரணை முறைகளுக்கு முன்கூட்டியே அனுமதி தர அரசுக்கு அதிகாரமில்லை என்றது. உயிர்காக்கும் நெருக்கடியால் செய்தேன் என்னும் எதிர்வாதத்தைப் பின்னர் வழக்கில் எழுப்ப மட்டும் இடம் விட்டது.

ஆகவே பவரின் பணித்துறப்பு சட்டத்தை மதிப்பதுபோல் தோன்றினும், அதன் மையத்தைத் தவறவிடுகிறது. சட்டம் தடுப்பது பதவியின் பெயரை மட்டுமன்று, செயலையே. ஃபிராங்ஃபர்ட் அதிகாரி தம் பெயரைக் கோப்பிலிருந்து மறைக்காமல் தீர்ப்புக்குத் தலை கொடுத்தார். பவரோ சட்டத்தின் தடையைத் தாண்டவே பதவியைக் கழற்றிவைத்தான். விதியை மீறியே தீரவேண்டும் என ஒருவர் கருதும் கணத்திலும், அம்மீறலுக்கு விலை கொடுக்கும் பொறுப்பைக் கழற்றிவைக்க இயலாது.