ஒளிந்திருக்கும் உரிமை

செரண்டாவிலுள்ள நமது நண்பரொருவர், கண்ணாடித் தொட்டியில் உப்புக் கலந்த நீர் நிரப்பிக் கடல்மீன் வளர்த்து வருகிறார். சென்ற ஆண்டு அதில் ஒரு பாம்பு விலாங்கை விலைக்கு வாங்கி விட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே மனக்குறை. "காசு கொடுத்தது மீனுக்கா, மணலுக்கா?" என்று வருவோரிடமெல்லாம் கேட்பார்.

விலாங்கின் மேல் நம்மவர்க்கு நெடுநாளைய குற்றச்சாட்டு ஒன்றுண்டு. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்போம். பாவம், பாம்பு விலாங்கோ ஒருவருக்கும் ஒன்றையும் காட்ட விரும்பாத பிராணி. இவ்வினத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட வகைகள் உள. பெரும்பாலானவற்றிற்கு வாலில் துடுப்பில்லை. முனை கூராகவும் கடினமாகவும் இருக்கும். அதனால் மணலைத் துளைத்துப் பின்புறமாகவே இறங்கித் தலையளவு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். இரவில் நண்டையும் இறாலையும் சிறு மீனையும் தேடும். பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி 1822-ல் எழுதிய நூலில் விவரித்த வகையொன்று ஆற்றுமுகச் சேற்றிலும் நெல்வயலிலுங்கூட வாழ்வது. கோலசிலாங்கூர்ச் சேற்றங்கரையைக் கண்டவர்கள் அத்தகைய இடம் எப்படியிருக்குமென அறிவார்கள்.

நண்பர் ஒருநாள் மணலில் பெரும்பகுதியை அள்ளிவிட்டார். ஒரு சாண் இருந்தது இரண்டு விரற்கடையாயிற்று. விலாங்கு இப்போது நன்றாகத் தெரிந்தது! கண்ணாடியடியில் வாலைக் குத்திக் குத்தித் தோற்று, மூலையில் சுருண்டு கிடந்தது. சில நாட்களில் வால்நுனி புண்ணாயிற்று.

"வேளைக்கு இறால் போடுகிறேன். கடலிலிருந்தால் இந்நேரம் பெரிய மீனொன்று விழுங்கியிருக்குமே" என்றார். இவ்வாதத்தை நாம் அற்பமென்று தள்ளவில்லை. பசியும் பகையுமில்லாத வாழ்வு சிறிதன்று. ஆனால் சோறு போட்டவனுக்கு முகங் காட்டியே தீரவேண்டும் என்னும் சட்டம் எங்கிருந்து வந்தது? தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும், நிற்காதவன் சோம்பேறி. பிடியரிசிக்காக நம் பாட்டன்மார் தலைகாட்டி நின்ற அக்களத்தை, நாம் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அமைத்து வைப்பது நியாயமா?

1909-ல் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிசாலையொன்று திறந்தார்கள். யுத்த பயத்தால் 1942-ல் மூடப்பட்டது. கடலடியைக் காணாத பல்லாயிரவர்க்கு அதைக் காட்டினோம் என்று அவர்கள் சொல்ல இடமிருந்தது. முன்கூடத்து அலங்காரத்திற்கு அந்தச் சமாதானமும் இல்லை.

"அப்படியானால் ஆற்றில் விட்டுவிடுகிறேன்" என்றார் நண்பர், சற்றுக் கோபமாகவே. அதுவும் தகாது. எந்தக் கடலில் பிடிபட்டதென்று விற்றவனுக்கே தெரியாத மீனை, தொட்டியில் தொற்றிய நோயோடு சிலாங்கூர் ஆற்றில் தள்ளினால் ஒரு தவறு இரண்டாகும். வாங்காமலிருந்திருக்க வேண்டும், அக்காலம் போயிற்று. இனிச் செய்யத்தக்கது, தாம் காண்பதை விட்டுக்கொடுத்து அதைக் காப்பதொன்றே: ஆழமாக மென்மணல், மங்கிய வெளிச்சம், சந்தில்லாத மூடி. மூடியில் விரல் நுழையும் சந்திருந்தாலும் விலாங்கு ஏறி வெளியே விழுந்து சாகும்.

நண்பர் மணலை மறுபடி கொட்டியிருக்கிறார். போன ஞாயிறு போயிருந்தோம். தொட்டியில் ஒன்றும் தெரியவில்லை. இறாலை எப்போது போடுவீர்களென்று கேட்டோம். விளக்கணைத்த பிறகு என்றார்.