"வரை" என்னும் சிறு சொல்

பொய்யே கலவாத ஒரு வாக்கியத்தால் பிறரை ஏமாற்ற இயலுமா? இணையச் சேவை விளம்பரங்களைக் காணுந்தோறும் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகின்றது. "100 எம்பிபிஎஸ் வரை" என்கின்றனர். நூறு பெரிய எழுத்தில்; "வரை" எறும்பளவில். இரவு ஒன்பது மணிக்கு இருபதே கிடைப்பினும் சொன்ன சொல் பொய்யாகாது!

ஆம்பூர், வாணியம்பாடியில் பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பர். "ஆயிரம் அடி வரை" என்று எழுதிய பட்டியலுக்கு எவர் பணம் தருவார்?

ஒரே இணைப்பைப் பலர் பகிர்வது குற்றமன்று. இல்லங்களுக்கு ஐம்பதுக்கு ஒன்று என்னும் விகிதத்தை 2009-ம் ஆண்டில் டிராய் அமைப்பே வகுத்தது. விலை மலிந்ததற்கும் அப்பகிர்வு ஒரு காரணம். குற்றம் மறைப்பில் உள்ளது. தானியக் குவியலுள் கைவிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரலில் ஈரத்தை உணர்ந்தார்கள். மழையில் நனைந்ததென்றார் வணிகர். நனைந்ததற்காக அன்று, நனைந்ததை மேலே வைக்காமைக்காகவே அவரைக் கண்டித்தார்கள்.

மேலே வைப்பது இயலாத காரியமா? பிரிட்டனில் முன்பு பத்தில் ஒருவர்க்குக் கிட்டும் வேகத்தையே விளம்பரம் செய்யலாம் என்றிருந்தது. 2018 மே முதல், இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே பாதிப் பேருக்கேனும் கிட்டும் வேகத்தையே கூறவேண்டும் என்றாயிற்று.

ஜோலார்பேட்டையில் இணைப்பு வாங்கச் செல்வோரும் இதனையே வினவலாம்: "இரவு ஒன்பது மணிக்கு எவ்வளவு?"